அண்ணன் போட்ட விண்ணப்பத்தைத் தங்கை எதிர்க்க முடியுமா?

சகோதரி, உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது பிசகினால் பதிலும் பிசகிவிடும். உங்கள் தந்தை சென்ற ஆண்டு உயில் எழுதாமல் காலமானார். சிங்கப்பூரில் சிராங்கூன் பக்கம் அவர் பெயரில் ஒரு தரைவீடு, அதாவது நிலத்தோடு கூடிய வீடு, இருக்கிறது. அதைத் தம் பெயரில் பதிந்துகொள்ள உங்கள் அண்ணன் விண்ணப்பம் போட்டிருப்பதாக உறவினர் ஒருவர் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவந்தது. நீங்கள், உங்கள் தாயார், முப்பது ஆண்டுகளாக அந்த வீட்டின் பின்னறையில் குடியிருக்கும் சித்தப்பா, மாமனாருக்குக் கடன் கொடுத்த உங்கள் கணவர் ஆகிய நால்வரில் யார் அதை எதிர்க்கலாம், நால்வரும் சேர்ந்து கையெழுத்திட்டால் எதிர்ப்புக்குப் பலம் கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு உடனே பதில் சொல்லலாம்: கூடாது. தகுதி உள்ள ஒருவர் தனியாகப் போட்டாலே போதும்; தகுதி இல்லாத பத்துப் பேர் சேர்ந்து போட்டாலும் பயன் இல்லை.

நான் வழக்கறிஞர் அல்லன். இங்குள்ள ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் சொத்து மாற்றப் பிரிவில் எழுத்தராக இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பத்திரங்களும் பதிவுகளும் நடக்கும் முறையை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டுக் காகிதங்களை நான் பார்க்கவில்லை. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். சிங்கப்பூரில் நிலப் பதிவு விண்ணப்பத்துக்கு எதிராகப் பொதுமக்கள் ஆட்சேபனை மனு கொடுப்பது என்ற வழக்கம் கிடையாது. இங்கே உள்ள கருவி கேவியட். தமிழ்நாட்டுச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் கேவியட் மனு வேறு. அது, தன் தரப்பைக் கேட்காமல் உத்தரவிட வேண்டாம் என்று நீதிமன்றத்தில் முன்கூட்டியே தெரிவித்து வைப்பது. இங்கே நிலப் பதிவேட்டில் ஏற்றப்படும் கேவியட், இந்த நிலத்தில் எனக்கு ஓர் உரிமை உண்டு, அதைப் பாதிக்கும் எந்த ஆவணத்தையும் எனக்குத் தெரியாமல் பதியாதீர்கள் என்று பதிவாளருக்கும் உலகத்துக்கும் சொல்லும் குறிப்பு. நில உரிமைச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு அதைப் போடும் தகுதியை, நிலத்தில் உரிமை கோரும் ஒருவருக்குத் தருகிறது. முடிவு எப்படிப் போகிறது என்பதில் அக்கறை உள்ளவர், மனம் நொந்தவர், குடும்பத்தில் மூத்தவர் என்ற எதுவும் அந்தப் பிரிவில் இல்லை.

இந்த வேறுபாட்டை நான் புரிந்துகொண்டது ஒரு பிஸ்கட் டின்னால். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஐம்பது வயதுள்ள ஒருவர் அந்த டின்னைக் கட்சிக்காரர் மேசைமேல் கவிழ்த்தார். கூரை ஓடு மாற்றியது, தண்ணீர்க் குழாய் இழுத்தது, முன்வாசலுக்கு இரும்புக் கதவு போட்டது என்று பதினைந்து ஆண்டு ரசீதுகள். தம்பி பெயரில் இருந்த வீட்டுக்குத் தாம் செலவழித்த பணம் இது, ஆகவே கேவியட் போட வேண்டும் என்றார். எங்கள் வழக்கறிஞர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, வீடு வாங்கிய அன்று நீங்கள் கொடுத்த பணத்துக்கு இதில் ஏதாவது இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். இல்லை. பின்னாளில் பழுதுபார்க்கக் கொடுத்த பணம் பொதுவாக நிலத்தில் பங்கு ஆகாது. வாங்கும்போது விலையில் ஒரு பகுதியைக் கொடுத்திருந்தாலோ, கடன் தவணையைக் கட்டுவதாக அப்போதே பொறுப்பேற்றிருந்தாலோ, அல்லது அவருக்கும் பங்கு உண்டு என்ற பொதுவான எண்ணம் இருவருக்கும் இருந்ததற்குச் சான்று இருந்தாலோதான் வாதத்துக்கு இடம் உண்டு. அவர் ரசீதுகளை மறுபடியும் டின்னில் அடுக்க அரைமணி நேரம் ஆயிற்று.

ஆக, நால்வரையும் அந்த மேசையில் உட்கார வைத்துப் பார்ப்போம். சுலபமானவர்களை முதலில் முடித்துவிடலாம். உங்கள் கணவர் கொடுத்தது கைமாற்றுக் கடன். வீட்டை அடமானமாக எழுதி வாங்கவில்லை. அவர் உங்கள் தந்தையின் சொத்துத் தொகுப்புக்கு, அதாவது அவர் விட்டுச்சென்ற சொத்துகளின் மொத்தத்துக்கு, கடன் கொடுத்தவர். அந்தத் தொகுப்பை நிர்வகிப்பவரிடம் கேட்டோ, அவர்மீது வழக்குப் போட்டோ பணத்தைப் பெறலாம். வழக்கில் வென்று, நீதிமன்ற அமலாக்க உத்தரவை நிலத்தின்மீது பதிவுசெய்தால் அப்போது பதிவேட்டில் அவருக்கு ஓர் இடம் கிடைக்கும். அதற்கு முன் கிடையாது. மருமகன் என்ற உறவு வாரிசுரிமையையும் தராது.

சித்தப்பாவின் நிலை உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம். முப்பது ஆண்டு குடியிருந்தால் இடம் சொந்தமாகிவிடும் என்ற நம்பிக்கை நம்மவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஊரில் அனுபவ பாத்தியதை என்பார்கள். சிங்கப்பூரில் 1994 மார்ச் 1 முதல் அந்த வழி அடைக்கப்பட்டுவிட்டது. அந்தத் தேதிக்கு முன்பே 12 ஆண்டுகள், உரிமையாளரின் அனுமதி இல்லாமல், தனக்கே உரியது போல அனுபவித்து முடித்திருந்தவர்களுக்கு மட்டும் சட்டம் சில விலக்குகளை வைத்தது. முப்பது ஆண்டு என்ற கணக்குப்படி உங்கள் சித்தப்பா அதற்குப் பிறகு வந்தவர். அதுவும் அண்ணன் வீட்டில் அண்ணன் இருக்கச் சொல்லி இருந்தவர். அனுமதியோடு இருப்பது எத்தனை ஆண்டானாலும் எதிர் அனுபவம் ஆகாது. ஆனால் உங்கள் தந்தை, "இந்த அறை கடைசிவரை உனக்குத்தான்" என்று உறுதி கூறி, அதை நம்பி இவர் தம்முடைய சொந்த வீட்டை விற்றது போன்ற ஏதாவது பெரிய இழப்பை ஏற்றிருந்தால், சமநீதி விதிகளின்படி ஒரு கோரிக்கை எழக்கூடும். இது சந்தேகத்துக்குரிய பகுதி. சொல்லப்பட்ட வார்த்தையும் நம்பிச் செய்த செயலும் இரண்டும் நிரூபிக்கப்பட வேண்டும்.

இப்போது நீங்களும் உங்கள் தாயாரும். இங்கே உங்கள் கேள்வியில் இல்லாத ஒரு கேள்வியை நான் கேட்டாக வேண்டும்: அண்ணன் போட்டிருப்பது என்ன விண்ணப்பம்? "பெயர் மாற்றம்" என்று உறவினர் சொன்ன ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று வேறு வேறு காரியங்கள் ஒளிந்திருக்கலாம். ஒவ்வொன்றிலும் எதிர்க்கும் தகுதி வேறு ஆளிடம் இருக்கிறது.

முதலாவது, வீடு உங்கள் தந்தை, அண்ணன் இருவர் பெயரிலும் இருந்திருக்கலாம். அப்பா பெயரில்தான் இருக்கிறது என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பதும், வங்கிக் கடனுக்காக மூத்த மகன் பெயரும் எப்போதோ சேர்க்கப்பட்டிருப்பதும் நான் பலமுறை கண்டது. நில ஆணையத்தின் இன்லிஸ் இணையச் சேவையில் முகவரியைக் கொடுத்து, சிறு கட்டணம் செலுத்தினால் பதிவேட்டின் பிரதி கிடைக்கும். அதில் உரிமையாளர் பெயர்களை ஒட்டி, எந்த முறையில் வைத்திருக்கிறார்கள் என்ற குறிப்பு இருக்கும். அது கூட்டுரிமை என்று இருந்தால், ஒருவர் இறந்த கணமே முழு வீடும் மற்றவரைச் சேர்ந்துவிடுகிறது. அண்ணன் செய்ய வேண்டியது இறப்பு அறிவிப்பைப் பதிவது மட்டுமே. உயில் இருந்திருந்தாலும் அதை மாற்றியிருக்காது. முஸ்லிம் குடும்பங்களிலும் சட்டப்படியான உரிமையைப் பொறுத்தவரை இதுவே நிலை என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாறாக, தனித்தனிப் பங்குரிமை என்று இருந்தால் தந்தையின் பங்கு அவருடைய வாரிசுகளுக்கு வரும். அந்தக் குறிப்பின் நீளம் ஒரு வரிகூட இருக்காது. ஆனால் அதைப் பார்க்காமல் எடுக்கும் எந்த முடிவும் இருட்டில் நடப்பதுதான்.

கூட்டுரிமையாக இருந்தாலும் கதவு முழுவதும் அடைபடுவதில்லை. விலை முழுவதையும் தந்தையே கொடுத்து, மகன் பெயரை வசதிக்காகச் சேர்த்திருந்தால், பெயர் மகனுடையது, பயன் தந்தையுடையது என்று வாதிடலாம். எதிர்த்தரப்பு, தந்தை மகனுக்குக் கொடுப்பது அன்பளிப்பாகவே கருதப்படும் என்ற அனுமானத்தைத் தூக்கிப் பிடிக்கும். இந்த அனுமானத்தின் வலு, உறவு எப்படி இருந்தது, மகன் தன் காலில் நிற்பவனா என்பவற்றைப் பொறுத்துக் கூடும் குறையும். வெல்வீர்களா என்பது இப்போது கேள்வி அன்று. யார் வாதிடலாம் என்பதுதான் கேள்வி. அந்தக் கோரிக்கை தந்தையுடையது. அவர் இறந்துவிட்டதால் அது அவருடைய சொத்துத் தொகுப்பைச் சேர்ந்தது. அதைக் கையில் எடுக்க வேண்டியவர் அந்தத் தொகுப்பின் நிர்வாகி.

இரண்டாவது, வீடு தந்தை ஒருவர் பெயரில்தான் இருக்கிறது, அண்ணன் குடும்ப நீதிமன்றத்தில், இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க அதிகாரம் தரும் நிர்வாக உரிமைக் கடிதம் கேட்டிருக்கிறார் அல்லது வாங்கிவிட்டார் என்று இருக்கலாம். உங்கள் விவரிப்பைப் பார்த்தால் இதுவே உண்மைக்கு நெருக்கமாக எனக்குப் படுகிறது. உயில் இல்லாதபோது, முஸ்லிம் அல்லாதார் எவருக்கும் 1967-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும். இறந்தவரின் மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்கு மீதிப் பாதி சமமாக. மகன், மகள் என்ற பேதம் இல்லை. திருமணமாகிப் போனவள் என்ற பேச்சுக்கும் இடம் இல்லை. பூர்விகச் சொத்தில் பிறப்பாலேயே பங்கு என்ற ஊர்க் கணக்கும் இங்கே செல்லாது. சிலருக்கு அது சாதகம், சிலருக்குப் பாதகம். நீங்கள் சொன்னபடி பிள்ளைகள் இருவரே என்றால் தாயாருக்கு 50 விழுக்காடு, உங்களுக்கும் அண்ணனுக்கும் தலா 25. முஸ்லிம் குடும்பமாக இருந்திருந்தால் ஷரியா நீதிமன்றத்தின் வாரிசுச் சான்றிதழ் பங்குகளைச் சொல்லியிருக்கும்.

இந்த நிலையில் நீங்கள் தட்ட வேண்டிய முதல் கதவு நிலப் பதிவகம் அன்று, நீதிமன்றம். நிர்வாக உரிமைக் கடிதம் வழங்கப்படுவதற்கு எதிராகவும் ஒரு கேவியட் உண்டு. பெயர் ஒன்றானாலும் இது வேறு பொருள். அதைப் போட, இறந்தவரின் சொத்தில் உங்களுக்கு உரிமை இருந்தால் போதும். மகளுக்கும் மனைவிக்கும் அது ஐயத்துக்கு இடமின்றி உண்டு. சொத்துத் தொகுப்பின் மதிப்பு 5 மில்லியன் வெள்ளியைத் தாண்டினால் விவகாரம் உயர் நீதிமன்றத்தின் குடும்பப் பிரிவுக்குப் போகும். தரைவீடு என்பதால் மதிப்பு கூடுதலாக இருக்கலாம்; அந்த எல்லையை நினைவில் வையுங்கள். மேலும், இந்தக் கடிதத்தைக் கேட்பதில் முதல் உரிமை மனைவிக்கு. பிள்ளைகள் அதற்கு அடுத்துத்தான். ஆகவே அண்ணன் கேட்டிருக்கிறார் என்றால் தாயார் தம் முன்னுரிமையைத் துறந்ததாக ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். தாயாரிடம் பக்குவமாகக் கேளுங்கள். "தண்ணீர், மின்சாரக் கணக்கை மாற்றத்தான் கையெழுத்துக் கேட்டான்" என்று சொல்லி, பிறகு அது வேறு காகிதம் என்று தெரிந்து திகைத்த தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். அதே சமயம், முன்னுரிமையைத் துறப்பது பங்கைத் துறப்பது ஆகாது. அண்ணன் நிர்வாகியாகப் பதிவேட்டில் ஏறினாலும் நிர்வாகி என்ற நிலையில்தான் ஏறுகிறார். வீடு அவருடைய சொந்தமாகிவிடவில்லை. இதை அறியாமல், பெயர் ஏறிவிட்டதே என்று பதறி, அண்ணன் தங்கை உறவே முறிந்த குடும்பங்கள் உண்டு.

சரி, நிலத்தின் மேலேயே கேவியட் போட முடியாதா என்றால், இங்கேதான் உண்மையான சந்தேகம் இருக்கிறது. 1964-இல் லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில் என்ற மேல்முறையீட்டு அமைப்பு லிவிங்ஸ்டன் வழக்கில் ஒரு விதியை வகுத்தது: நிர்வாகம் முடியாத சொத்துத் தொகுப்பில், மீதியைப் பெற வேண்டிய வாரிசுக்குக் குறிப்பிட்ட எந்த ஒரு பொருளிலும் சொத்துரிமை இல்லை, கடன்களைத் தீர்த்து முறையாகப் பங்கிடச் சொல்லும் உரிமை மட்டுமே உண்டு. இதை அப்படியே பொருத்தினால், 25 விழுக்காட்டுக்கு உரியவராகிய நீங்கள்கூட இன்றைய தேதியில் அந்த வீட்டில் உரிமை கோர முடியாது. மறுபுறம், 115-ஆம் பிரிவு நிலத்தை விற்று வரும் பணத்தில் உள்ள உரிமையையும் நிலத்தில் உள்ள உரிமையாகவே கணக்கில் எடுக்கிறது. நிலம் சம்பந்தமாகத் தடையுத்தரவு பெற்றவரையும் தகுதியுள்ளவராகச் சேர்க்கிறது. நிர்வாகி தம் கடமையைச் செய்யாமல் சொத்தைத் தமக்கே ஒதுக்கிக்கொள்வது போன்ற தனிச்சூழல்களில், வாரிசே தொகுப்பின் சார்பில் வழக்காடலாம் என்று நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1996-இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. எனவே தேர்ந்த வழக்கறிஞர்கள் இருபுறமும் நின்று வாதிடக்கூடிய விஷயம் இது. என் கருத்தைக் கேட்டால், வெறும் வாரிசு என்ற ஒன்றை மட்டும் காட்டிக் கேவியட் போடுவதைவிட, நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்று அதன் பலத்தில் போடுவது உறுதியானது, செலவும் கூடுதல்.

மூன்றாவது, தந்தை உயிரோடு இருந்தபோதே வீட்டை அண்ணனுக்கு எழுதிக்கொடுத்ததாக ஓர் ஆவணம் இப்போது பதிவுக்கு வந்திருக்கலாம். கையெழுத்தே அவருடையது அன்று, அல்லது நோயில் சுயநினைவு குன்றியிருந்தபோது வாங்கப்பட்டது என்று நீங்கள் சொல்வீர்களானால், அதுவும் தந்தையின் தொகுப்புக்கு உரிய வழக்கு; தாயாரோ நீங்களோ நிர்வாகியாகி நடத்த வேண்டியது. விலை கொடுத்து வாங்கியவருக்குப் பதிவு தரும் அசைக்க முடியாத பாதுகாப்பு, இலவசமாகப் பெற்றவருக்கு அந்த அளவில் கிடையாது. தமக்குக் கொடுத்தவருக்கு இருந்ததைவிட மேலான உரிமை அவருக்கு வராது. ஆனால் அண்ணன் அதை மூன்றாம் ஆளுக்கு விற்று, அவர் நல்லெண்ணத்தோடு வாங்கிப் பதிந்துவிட்டால், வீடு கைநழுவிப் பணத்துக்காக அண்ணனைத் துரத்தும் நிலைதான் மிஞ்சும். கேவியட்டின் மதிப்பு அதன் நேரத்தில் இருக்கிறது: தனக்குப் பின் வரும் ஆவணத்தைத்தான் அது தடுக்கும், முன்பே பதிந்ததை அழிக்காது.

இத்தனை கண்டிப்பு ஏன் என்று தோன்றலாம். ஊரில் சார்பதிவாளர் பதிவது பத்திரத்தை. உரிமை யாருடையது என்பதற்கு வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இங்கே 1956-இல் இயற்றி 1960-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், தென் ஆஸ்திரேலியாவில் 1858-இல் தோன்றிய டோரன்ஸ் முறையைக் கொண்டுவந்தது. அதில் பதிவதே உரிமை. பதிவேட்டை நம்பி வாங்குபவருக்குப் பாதுகாப்பு தர வேண்டுமானால், அதில் குறுக்கே எழுதும் உரிமையைக் கண்டவருக்கெல்லாம் தர முடியாது. கூட்டு விற்பனையிலும் இதே சிந்தனையைக் காணலாம். கொண்டோ எனப்படும் தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றை மொத்தமாக விற்க, பங்கு மதிப்பிலும் பரப்பிலும் 80 விழுக்காட்டுக்கு உரியவர்கள் ஒப்பினாலும் (கட்டடம் 10 ஆண்டுக்குக் குறைவானதென்றால் 90), ஒப்பாத உரிமையாளரும், அடமானம் பெற்றவர் போன்று பதிவேட்டில் உரிமை குறிக்கப்பட்டவரும் 21 நாளுக்குள், இத்தகைய விற்பனைகளைப் பரிசீலிக்கும் அடுக்குமாடி உரிமை வாரியத்திடம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். கையெழுத்திட்டுவிட்டு மனம் மாறியவரும் வாடகைக்கு இருப்பவரும் முடியாது. எதிர்க்கக்கூடியவர் யார் என்று சட்டமே ஆளைச் சுட்டிக் காட்டும் இடம் அது.

தகுதி இல்லாமலே போட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் போடுவது சுலபம். பதிவாளர் உங்கள் கோரிக்கை உண்மையா என்று விசாரிப்பதில்லை. படிவம் முறையாக இருந்தால் ஏற்றுக்கொள்வார், 5 ஆண்டு வரை அது நிற்கும். அந்தச் சுலபத்தை நம்பித்தான் பலர் இடறுகிறார்கள். வீட்டின் உரிமையாளர் 127-ஆம் பிரிவின் கீழ் உங்களை நீதிமன்றத்துக்கு அழைத்து, ஏன் நீக்கக் கூடாது என்று காரணம் காட்டச் சொல்லலாம். காட்டும் பொறுப்பு உங்களுடையது. மலேசியாவிலிருந்து போன ஒரு வழக்கில் 1979-இல் பிரிவி கவுன்சில் சொன்ன அளவுகோலே இங்கும் வழங்குகிறது: விசாரித்துத் தீர்க்க வேண்டிய உண்மையான ஒரு கேள்வி இருக்க வேண்டும், அதோடு, அதுவரை பதிவை நிறுத்திவைப்பதில் நியாயமும் இருக்க வேண்டும். நியாயமான காரணமின்றியோ தொல்லை கொடுக்கவோ போட்டிருந்தால், விற்பனை தடைப்பட்டதால் வந்த நட்டத்தை 128-ஆம் பிரிவின்படி நீங்களே ஈடுசெய்ய நேரிடும். சித்தப்பாவும் கணவரும் உங்களோடு சேர்ந்து கையெழுத்திடுவது அவர்களை இந்த ஆபத்தில் இழுத்துவிடுவதாகும்.

இதே கேள்வி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைப் பற்றியதாக இருந்தால் என் பதில் பல இடங்களில் மாறியிருக்கும்; அங்கே, பணம் கொடுத்தேன், ஆகவே பங்கு உண்டு என்ற வாதத்தின் வழியே ஒருவர் வீட்டுக்கு உரிமையாளராவதைச் சட்டமே தடுக்கிறது. இதைப் படிக்கும் மற்றவர்கள் தங்கள் வீட்டுக்கு இந்தப் பதிலை அப்படியே பொருத்திவிட வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய வரிசை இதுதான். இன்றே பதிவேட்டுப் பிரதியை எடுத்து, பெயர்களையும் உரிமை முறையையும், ஏதாவது ஆவணம் பதிவுக்கு நிலுவையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நிர்வாக உரிமைக் கடிதத்துக்கு மனு போடப்பட்டிருக்கிறதா என்று வழக்கறிஞர் மூலம் நீதிமன்றப் பதிவைத் தேடச் சொல்லுங்கள். தந்தை வீடு வாங்கிய காலத்துக் காகிதங்கள், வங்கிக் கடன் கடிதம், மசேநி (மத்திய சேமநிதி) அறிக்கை, இறப்புச் சான்றிதழ், உங்கள் பிறப்புச் சான்றிதழ், தாயாரின் திருமணச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது தாயாரையும் அழைத்துச் செல்லுங்கள். பாதிப் பங்கும் முதல் உரிமையும் அவருடையவை என்பதால் பெரும்பாலான காகிதங்களில் தேவைப்படப் போவது அவருடைய கையெழுத்துத்தான். கணவர் கடன் கொடுத்ததற்கான சான்று இருந்தால் அதைத் தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளட்டும்.